கடாரத்துத் துறையில் ஒற்றை ஆள்

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை மதியம் தோஹா பட்டறையில் சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி வந்தது. நஜ்மா பகுதியில் இருக்கும் ரூமில் சேவியர் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. டூட்டி முடிந்து திரும்பிய ரூம்மேட் எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

உடல் குமரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து அடக்கமும் முடிந்துவிட்டது. எங்கள் மேனேஜர் எல்லாக் காகிதங்களிலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். உயிரோடு இருந்த அண்ணாச்சிக்கு வராத கையெழுத்து அது. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரை அறிந்த நண்பர்கள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். கூடச் சேர்ந்து கொதித்தால் போதும்.

அருங்காட்சியகங்களுக்குப் பழங்கால ஊர்களின் மாடல் செய்வது எங்கள் வேலை. மரவேலை அவருடையது, வண்ணம் என்னுடையது. கடாரத்துத் துறைமுகம் எங்களுக்கு வந்தபோது அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. மலேசியக் கரையின் ஆற்றோரத்தில் செங்கல் படித்துறை, இரும்பு உருக்கும் உலைகள், கண்ணாடி மணியும் கற்பூரமும் விற்கும் கொட்டகைகள். நம் கரையிலிருந்து போன வணிகர்கள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள் என்று அருங்காட்சியகத்தின் ஆலோசகர் விளக்கினார்.

"கேட்டியா மக்கா, அவனுவளுக்கு லீவு குடுக்கது காத்து. நமக்கு மேனேஜரு. காத்து எவ்வளவோ தேவல" என்றார் அண்ணாச்சி.

மாடல் பாதியில் இருக்கும்போது அவருடைய அம்மா இறந்தார். லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நின்றார். துணைக்கு நானும் நின்றேன். மேனேஜர் நம் ஊர்க்காரர்தான். நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை.

"ஓப்பனிங் முடியட்டும் சேவியர். நீ போய்த்தான் அவங்க எழுந்து வரப் போறாங்களா?"

செத்தாலும் நான் அதை மறக்க மாட்டேன். அடக்கத்தை அண்ணாச்சி போனில் பார்த்தார். பாதி செய்த கடாரத்து மலையின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். மண் அள்ளிப் போடும் நேரத்தில் நெட் நின்றுவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உளியை எடுத்தார்.

அன்று செதுக்கத் தொடங்கிய பொம்மை விரல் நீளம்தான். மாடலில் கப்பல் பாய் விரித்துத் துறையை விட்டுக் கிளம்பிவிட்டது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரே ஒரு வணிகன் மட்டும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருக்கிறான். வழுக்கை, தொங்கும் கன்னம், தூக்கிய புருவம். வண்ணம் பூச என் கையில் கொடுத்தார்.

"ஆளு யாருன்னு தெரியுதா?"

"தெரியுது அண்ணாச்சி. மாட்டிக்கப் போறோம்."

"அவன் மாடலயா பாப்பான்? பில்லத்தாம் பாப்பான். கெடக்கட்டு. கடலு வத்தது வர அங்கேயே கெடக்கட்டு."

ஆலோசகருக்கு அந்தப் பொம்மை மிகவும் பிடித்துப்போனது. ஊர் திரும்ப முடியாதவனின் துயரம் அப்படியே முகத்தில் இருக்கிறதாம். பள்ளிப் பிள்ளைகளும் அவனைக் காட்டிப் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு வயிறு குளிர்கிறது.

இரங்கல் செய்திகளில் அவரைச் சாது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மீன்குழம்பு வைத்து, வழியில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்டவர்தான். ஆனால் சாது கிடையாது. "மன்னிக்கதுக்குச் சாமி இருக்கு. எனக்கு வேற சோலி இருக்கு" என்பார்.

போன வெள்ளி இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "சேவியர் எனக்குத் தம்பி மாதிரி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்தார். யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"அந்தத் துறைமுகத்துல ஒருத்தன் உட்கார்ந்திருக்கானாமே? மெயின்டனன்ஸ் போறப்ப சத்தமில்லாம எடுத்துடுப்பா. என் பசங்கள ஸ்கூல்ல இருந்து அங்க கூட்டிட்டுப் போறாங்க."

"பார்க்கிறேன் சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடலின் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். அண்ணாச்சியின் உளிகளை அவருடைய வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொண்டேன். வணிகனின் அடியில் எபாக்ஸி பசை வைத்து, படித்துறையோடு சேர்த்து இறுக்கினேன். பிறகு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மேனேஜருக்கு மரு இருக்கும் அதே இடத்தில், இடது கன்னத்தில், ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். அவர் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே.