தையல்காரரின் கார் இன்ஷூரன்ஸ்

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரம் கிடைத்ததற்கு மறுவருடம், கஜா பெராங் பகுதியில் தையல்கடை வைத்திருந்த ஒருவர் பழைய கார் வாங்கி, இன்ஷூரன்ஸ் எடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் காரில் ஏறுவார்.

பாலிசி ஆங்கிலத்தில் இருந்தது. "இதுல என்னென்ன இருக்கு தம்பி? படிச்சுச் சொல்லுங்க" என்றார். அது மூன்றாம் தரப்பு பாலிசி. அவர் இடித்தால் எதிராளிக்குத்தான் நஷ்டஈடு. அவருடைய காருக்கு எதுவும் கிடையாது. எனக்குச் சாப்பாட்டு அவசரம். "எல்லாத்துக்கும் இருக்குண்ணே" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

மூன்றே மாதத்தில், ஒரு சைக்கிள்காரர்மேல் மோதாமல் திருப்பியதில், கார் சாலையோர லோங்காங் சாக்கடையில் விழுந்து நொறுங்கியது. அவர் நஷ்டஈடு கேட்டு வந்தபோது, எங்கள் வெள்ளைக்கார மேனேஜர், நான் பாலிசியை விளக்கினேனா என்று அவரிடம் என்னையே தமிழில் கேட்கச் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயத்தோடு கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி நல்லாத்தான் சொன்னாரு, நான்தான் சரியா கேட்டுக்கலன்னு சொல்லுங்க."

அந்தப் பொய்யை என் வாயாலேயே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த மாதம், கார் வாங்கிய நண்பர் ஒருவரை அவரே அழைத்துக்கொண்டு நடந்து வந்தார். "படிச்ச பிள்ளைலா, மெதுவா படிக்கச் சொல்லு. எல்லாம் சொல்லும்" என்றார் நண்பரிடம்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியபடி கேட்டார். மன்னிப்பை மட்டும் நான் கேட்கவே இல்லை.