வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு

நாற்பத்தேழாவது சுற்றில் கையை நிறுத்தி, மோட்டார் காயிலுக்கான செம்புக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுண்டுவிரலால் செல்போனைத் தட்டிப் படத்தையும் நிறுத்தினார் மாதவராஜ். வார்னிஷ் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில், வேற்றுக்கிரகத்துப் படைத்தளபதி வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றான்.

"பாருங்க, நல்லா பாருங்க. தாய்க்கப்பல்ல ஒரே ஒரு குண்டு வுழுந்துச்சு. ஒடனே ஊரெல்லாம் பறந்துட்டிருந்த எட்டாயிரம் குட்டிக் கப்பலும் பொத்து பொத்துன்னு கீழ வுழுது. என்னா அர்த்தம்? எட்டாயிரத்தையும் ஒரே ஃபியூஸ்ல மாட்டி வெச்சிருக்கான். நம்மூரு பந்தல்ல சீரியல் லைட்டு கட்றவன்கூட இப்பிடி செய்ய மாட்டானுங்க."

கருகிய மோட்டாரைக் கொண்டுவந்து காலையிலிருந்து காத்திருக்கும் விவசாயி, "நம்ம மோட்டாரு எப்பங்க ஆவும்?" என்றார்.

"ஆவும், ஆவும்" என்று கையை மறுபடி சுற்றத் தொடங்கினார் மாதவராஜ். சுற்றியது நாற்பத்தேழா, நாற்பத்தாறா? சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடு காயில் கட்டுகிற ஆள் அவர் இல்லை. அவ்வளவையும் அவிழ்த்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எவனோ ஒரு தளபதி ஒயரிங்கில் கோட்டை விட்டதற்காக இண்டூர்ப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டம் அன்றைக்கு அரை நாள் தாகத்தோடு கிடந்தது.

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் போகும் தெருவில், உரக்கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் சொருகி வைத்தது போல இருக்கிறது அவர் கடை. வயது ஐம்பத்திரண்டு. மோட்டார் காயில் கட்டுவது, வீட்டில் உட்கார்ந்தபடியே போன் போட்டால் வயற்காட்டில் மோட்டார் ஓடும்படி செல் ஸ்டார்ட்டர் மாட்டுவது, இரண்டும் தொழில். தொழிலில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் சந்தையில் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, அன்றைக்கே திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்து, அதற்கப்புறம்தான் கூடவந்த புத்தகத்தைப் படிப்பார். வீட்டு ஃபேனை வாயால் சொன்னால் நிற்கும்படி செய்திருக்கிறார். மூன்று தடவை சொன்னால்தான் நிற்கும். அந்த வகையில் அதுவும் வீட்டு மனிதர்களோடு ஒத்துப்போய்விட்டது.

மிச்ச நேரமெல்லாம் படம். விண்வெளி, ரோபோ, மாயாஜாலம், நாளைக்கு நடக்கப்போவது, நடக்கவே போகாதது, எதையும் விடுவதில்லை. காதல் படமும் அடிதடிப் படமும் அவருக்கு ஆகாது. அவற்றில் ரிப்பேர் பார்க்க ஒன்றுமில்லையாம்.

மாயாஜாலப் படத்தில் அவரைப்போல் சாது கிடையாது. மந்திரவாதி கையை ஆட்டினான், மலை நகர்ந்தது, சரி. சிங்க உடம்பும் பருந்துத் தலையும் கொண்ட பிராணி சுத்தத் தமிழில் பேசியது, பேசட்டும். ராஜகுமாரி கல்லாகிப் போனாள், கல்லான பிறகும் பாடினாள். ஒரு ஆட்சேபணையும் இல்லை. பறக்கும் மரக்குதிரை ஒன்று செத்துப்போனதற்குக் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

"மந்திரம்னு சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சு போச்சுங்க. அதுக்கு பில்லும் கெடையாது, வாரண்டியும் கெடையாது. நம்பணும், கும்புடணும், வூட்டுக்கு வரணும். மிஷின்னு சொல்லிட்டா அப்பிடி வுட முடியுமா? கணக்கு காட்டியாவணும்."

ஒரு படத்தில் மந்திரவாதியின் கோல் நுனியில் நீல வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. மாதவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லைட்டு எரியுதே! அப்ப உள்ள செல்லு இருக்குது!" அந்த நிமிஷத்தோடு மந்திரவாதிக்குக் கொடுத்திருந்த சலுகை ரத்து. மீதிப் படம் முழுக்க அந்தக் கோலுக்கு எங்கே சார்ஜ் போட்டான் என்று தேடிக்கொண்டே இருந்தார். கடைசிவரை போடவில்லை. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மனிதனை எதிர்த்துக் கிளம்பும் ரோபோக்களைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. "பொறத்தால ஒரு சுவிட்சு வெக்க முப்பது ரூவா ஆவுமா? மாவு மில்லுல இருக்குது சுவிட்சு. மிக்சியில இருக்குது. ஒலகத்தையே அழிக்கற மிஷினுக்கு இல்லியாம்!" நூறு வருஷம் பின்னால் போய் வந்த விஞ்ஞானியைப் பற்றி ஒரே கேள்விதான்: "அப்ப அந்த ஊருக்கு கரண்டே வர்ல. திரும்பி வர்றதுக்கு எதுல சார்ஜ் போட்டான்?" வெடிகுண்டில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தால் சிரிப்பார். "வெடிக்கப்போற சாமானுக்கு எதுக்குங்க கடியாரம்? வெச்சவனுக்கு நேரம் தெரியும். எடுக்க வர்றவனுக்கு இவன் ஏன் மணி காட்டறான்?"

ஊரில் யாராவது ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நட்சத்திரம், மார்க் எதுவும் கொடுக்க மாட்டார். "மூணு நாள் ஓடும்" என்பார். தியேட்டரில் அல்ல. படத்தில் வருகிற மிஷின், சர்வீஸ் இல்லாமல்.

இத்தனை குறை கண்டுபிடிக்கிற மனிதர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தன் தொழிலுக்கு அழகு சேர்த்தார் என்பது வேறு கதை. போர்க் கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் கருகாமல் தானே நின்று, மோட்டாரின் சொந்தக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லும்படி ஒரு ஸ்டார்ட்டர் செய்தார். சும்மா சொன்னால் போதாதே. விண்வெளிக் கப்பல் பேசுவது போலப் பேச வேண்டும். வீட்டில் வெண்கலக் குடத்துக்குள் முகத்தை விட்டு, "அபாயம்! அபாயம்! உடனே நிறுத்தவும்!" என்று தன் குரலையே பதிவு செய்தார். முதல் ஸ்டார்ட்டர் இண்டூர் முனியப்பன் காட்டில் மாட்டப்பட்டது.

முனியப்பனின் அக்காள் மகளுக்குத் தர்மபுரி மண்டபத்தில் கல்யாணம். தாய்மாமன் என்பதால் அவர் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஐயர் விரலை உயர்த்திவிட்டார். மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். மண்டபமே மூச்சடக்கிய அந்த நேரம் பார்த்து முனியப்பன் சட்டைப்பையில் போன் அடித்தது. பதறி எதையோ அமுக்கினார். குடத்துக்குள்ளிருந்து வந்த குரல் மண்டபத்தில் ஒலித்தது: "அபாயம்! அபாயம்! உடனே நிறுத்தவும்!"

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க, அவர்கள் இவர்களைப் பார்க்க, பெண் மட்டும் கீழே குனிந்து சிரித்தாளாம். விஷயத்தைப் புரியவைத்துத் தாலி ஏறுவதற்குள் முகூர்த்தம் முடிய நான்கு நிமிஷம்தான் பாக்கி.

மறுநாள் காலை முனியப்பன் கடைக்கு வந்தார். "ஏம்ப்பா மாதவராஜு, எங்கக்கா மவ கண்ணாலத்தையே நிறுத்தப் பார்த்தியேப்பா!"

"மோட்டாரு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"கொரலு கடேசி வரிசைக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்பறம் என்ன?" என்று மாதவராஜ் டீ சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு மனக்குறை உண்டு. மனைவி கோகிலவாணி அவரோடு தியேட்டருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

கோகிலவாணி பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தர்மபுரியில் இருவரும் ஒரு படம் பார்த்தார்கள். விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்ட கதாநாயகன், ஆக்சிஜன் தீர்ந்துபோன அறையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தன் குழந்தைக்குக் கடைசிக் கடிதம் எழுதுகிறான். தியேட்டரில் ஊசி விழுந்தால் கேட்கும். ஓடுகிற மோட்டாருக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய தொண்டை மாதவராஜுக்கு. தன் மனைவிக்கு மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்: "ஆக்சிஜன் தீந்துபோச்சுன்னா மெழுவத்தி எப்பிடி எரியுது?"

பால்கனியில் ஒருவன் சிரித்தான். பிறகு தியேட்டரே சிரித்தது. கதாநாயகன் செத்துப்போன பிறகும் சிரித்தது. கோகிலவாணி முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தார், எழுந்தார், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடிய கணவரிடம் அவர் சண்டைகூடப் போடவில்லை.

"அங்கன்வாடியில அழ முடியாது. கொழந்தைங்க பயந்துக்கும். வூட்ல அழறதுக்கு நேரமில்ல. காசு குடுத்து அழ வந்தேங்க. அதக்கூட முழுசா அழ வுட மாட்டேங்கறீங்களே."

அதற்கப்புறம் அவர் பக்கத்து வீட்டுக் கலைமதியோடுதான் படத்துக்குப் போனார். மாதவராஜ் தனியாகப் போனார். தனியாகப் பார்த்தால் வாயைக் கட்ட யாருமில்லையே, கொண்டாட்டமாக இருக்க வேண்டாமா? இல்லை. எட்டாயிரம் கப்பல் விழுந்தாலும் திரும்பிச் சொல்ல இடது பக்கம் ஆளில்லாவிட்டால் உப்பில்லாத களி போல இருக்கிறது. மனைவி திட்டுவதற்குக்கூட இல்லாத தியேட்டரில் அவருக்கு அழுகை வந்தது. அது படத்துக்காக வந்த அழுகை இல்லை என்று அவருக்கே தெரியும்.

போன மாதம் கலைமதி, மகன் வேலை பார்க்கிற ஓசூருக்குக் குடிபோய்விட்டார். தர்மபுரிக்குப் புதுப்படம் வந்தது. கோகிலவாணி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை மேட்னி. ஒரே ஒரு சான்சு. வாயத் தொறந்தீங்க, நேரா பஸ் ஸ்டாண்டு. அப்பறம் இந்த ஜென்மத்துல ஒங்க பக்கத்துல ஒக்கார மாட்டேன்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"இருபத்தஞ்சு கொழந்தைங்கள வாயில வெரல் வெச்சு ஒக்கார வெச்சிருக்கேன். அம்பத்திரெண்டு வயசு ஆளு, ரெண்டரை மணி நேரம் முடியாதா?"

மாதவராஜ் அந்த வாரம் முழுவதும் கடையில் பயிற்சி எடுத்தார். படத்தைப் போட்டுவிட்டு வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார். வந்தவர்கள் பல்வலி என்று நினைத்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில், பல்லில் ஒட்டுகிற கடலை மிட்டாய்தான் வழி என்று முடிவு செய்து ஆறு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

விதியைப் பாருங்கள், அது தண்ணீர்ப் படம். பூமியில் தண்ணீர் தீர்ந்துபோய், கதாநாயகன் வேறு கிரகத்துக்குப் போர்க் கிணறு போடப் போகிறான். போய் இறங்கிய ஐந்தாம் நிமிஷம் தரையைத் துளைக்கிறான். பாறை வந்தது, மண் சரிந்தது, துளை இடியாமல் காக்கிற கேசிங் பைப்பு மட்டும் இறங்கவே இல்லை. மாதவராஜ் முதல் மிட்டாயைக் கடித்தார். முப்பது அடியில் பீய்ச்சி அடித்தது தண்ணீர். ஆயிரம் அடி போனாலும் புழுதி பறக்கிற ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். இரண்டாவது மிட்டாய். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, அந்தத் தண்ணீர் தானாகவே கப்பலுக்குள் ஏறியது. மூன்றும் நான்கும் சேர்ந்து உள்ளே போயின.

பின்வரிசையிலிருந்து ஒரு தலை அவர் தோளுக்கு மேல் நீண்டது. முனியப்பன்! "மாதவராஜு, கேசிங் எறக்காமயே தண்ணி வருதேப்பா! இதெப்பிடி?"

மாதவராஜ் ஐந்தாவது மிட்டாயை வாயில் திணித்தார். கோகிலவாணி திரையைவிட்டு அவர் வாயைப் பார்த்தார். கைப்பை கோகிலவாணியின் மடியில் தயாராக இருந்தது. மாதவராஜ் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். முனியப்பன் அவருக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைசிக் கட்டம். திரும்பி வருகிற கப்பலில் கரண்டு மொத்தமும் போய்விடுகிறது. இருட்டு. இயந்திரம் நின்றது, விளக்கு அணைந்தது. சுவரில் ஒரு திரை மட்டும் எரிகிறது. அதில், பூமியில் இருக்கும் மனைவி அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். வெறும் குடத்தோடு நிற்கிறாள். தியேட்டரில் மூக்குறிஞ்சும் சத்தம். கோகிலவாணியின் முந்தானை கண்ணுக்குப் போயிருந்தது. பாதியில் இறங்கி நின்றது.

"ஏங்க" என்றார் மெதுவாக.

மாதவராஜ் அசையவில்லை. இது பரீட்சையாகவும் இருக்கலாம்.

"ஏங்க, ஒங்களத்தான். கரண்டுதான் மொத்தமும் போயிடுச்சுங்கறாங்களே. அந்த டிவி எதுல ஓடுது?"

பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி. பதிலும் அவர் நாக்கு நுனியிலேயே இருந்தது. எதிலும் ஓடவில்லை, ஓடவே முடியாது, எடுத்தவனுக்குப் புத்தியில்லை. அந்தக் கப்பலில் தனி பேட்டரி வைக்க இடமே இல்லை என்பதை அவர் முதல் காட்சியிலேயே கவனித்துவிட்டார். அவர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு கண்ணில் நீர் வழிந்திருந்தது. மற்றொன்றில் வரலாமா வேண்டாமா என்று நின்றது.

ஆறாவது மிட்டாயை வாயில் போட்டுப் பல்லை இறுக்கிக்கொண்டார். மனைவியின் உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்து விரித்து, கிரீஸ் ஏறிய ஆள்காட்டி விரலால் அதில் ஒரு நீளக் கோடும் பக்கத்திலேயே ஒரு குட்டைக் கோடும் போட்டு, ஒரு பக்கம் கூட்டல் குறியும் மறுபக்கம் கழித்தல் குறியும் வரைந்தார்.

"தனியா பேட்டரி இருக்குதா?"

மாதவராஜ், ஆமாம் என்று பலமாகத் தலையை ஆட்டி, அந்த முந்தானையை எடுத்துத் திரும்ப மனைவியின் கையில் வைத்தார்.