தேயிலைப் பையில் வைத்த மெம்பிரேன்

கொழும்பிலிருந்து வந்த டைரக்டர் ரிப்போர்ட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. மலைநாட்டில், நோர்வூட்டில் இருந்த அந்தச் சின்ன லேபில் நான் டெக்னீசியன். ரிப்போர்ட் எங்கள் கெமிஸ்ட் செல்வி எழுதியது.

“இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?”

“நான் அளந்ததுங்க சேர்.”

“அளந்திருந்தா இன்னைக்கும் அதானே வரணும்?”

செல்வியின் முகம் சுண்டிப்போனது. வேலை போனால் வேறு தேடலாம். பொய்க் கணக்கு எழுதியவள் என்று பெயர் வந்துவிட்டால் எந்த லேபிலும் சேர்க்கமாட்டார்கள்.

மெம்பிரேன் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூவல் செல்லின் நடுவில் இருந்து, புரோட்டானை மட்டும் அந்தப் பக்கம் விடவேண்டும். எவ்வளவு லேசாக விடுகிறதோ, மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் அவ்வளவு குறைவாகக் காட்டும். அதற்காகத்தான் செல்வி அந்தப் பொலிமரில் சல்போனிக் அமிலத் தொகுதிகளைச் சேர்த்திருந்தாள்.

மலையில் பிறந்த எங்களுக்கு ஈரம் என்றாலே ஆகாது. துவைத்த துணி காயாது, காலில் போடும் சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும். செல்வியின் அம்மாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. தூளில் ஈரம் பட்டால் அவ்வளவுதான் என்று கேட்டே வளர்ந்தவள் இவள். டைரக்டர் வருகிறார் என்றதும் நல்ல தாளாகப் பார்த்து எடுத்து, லேப் ஓவனில் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு தேயிலை அடைக்கும் ஃபொயில் பையில் போட்டு ஒட்டினாள். பையைப் பிடித்துக்கொடுத்தது நான்தான். டைரக்டர் முன்னால்தான் அதைப் பிரித்துத் தாளை மீட்டரில் மாட்டினோம். விருந்தாளிக்குக் குளிரக்கூடாதென்று ஹீட்டரும் போட்டிருந்தோம்.

சூடு தாங்காமல் டைரக்டர் ஜன்னலைத் திறந்தார். பனிமூட்டம் உள்ளே வந்தது.

“அண்ணே, ரெசிஸ்டன்ஸ் கொறையுது பாருங்க,” என்றாள் செல்வி.

“கரண்ட் ஆடுதா இருக்கும்மா.”

“இல்லண்ணே, எறங்கிக்கிட்டே இருக்கு. சேர், ஜன்னலைச் சாத்திடாதீங்க.”

தாளைக் கழற்றி, டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்து, திரும்ப மாட்டினாள். ரெசிஸ்டன்ஸ் மடமடவென்று இறங்கி, ரிப்போர்ட்டில் இருந்த நம்பருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“ஆசிட்ல போட்டு, தண்ணியில கழுவி எடுத்த கையோடதான் எப்பவும் அளப்பேங்க சேர். காஞ்ச தாளை அளந்ததே இல்ல.”

அமிலம் புரோட்டானை விட்டுக்கொடுக்கும். அதைக் கொண்டுபோகத் தண்ணீர் வேண்டும். இரண்டு பேரும் படித்ததுதான். கை மட்டும் பழக்கத்தில் ஈரத்தை விரட்டிவிட்டது.

கிளம்ப வேண்டிய டைரக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இன்னொரு காஞ்ச தாள் இருக்கா? நானே அளந்து பாக்குறேன்.”

செல்வி சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: நம்பரை எழுதும்போது அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். நம்பர் மாறினால், எழுதியவரின் முகத்தைப் பார்க்கும் முன்னால் ஜன்னலைப் பாருங்கள்.