நாயுடுபுரத்தில் நாங்கள் அடக்கிய தும்மல்

மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: யார் எதைச் சொன்னாலும் முறைப்பு விழுவது நம்மேல்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள், தாண்டிக்குடிக்குக் காப்பிப் பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு விவசாயிகளுக்கு நான்தான் வாய். அவர்களில் ஒருவர் கிப்ரோனோ. கென்யாவின் கலெஞ்சின் மக்களைச் சேர்ந்தவர். ஆடுகள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். அவர் இங்கே இருந்தபோதே ஊரில் அப்பா இறந்துபோனார், போக முடியவில்லை. மனைவிக்கோ நிறைமாதம்.

ஓட்டப் பந்தயம்

கலெஞ்சின்காரர்கள் ஓட்டத்தில் உலகையே ஜெயிப்பவர்கள் என்று ஜீப் ஓட்டுநர் சேகர் டிவியில் பார்த்திருந்தார். "மேட்டுல ஜீப்போட ஓடச் சொல்லுங்க சார், யாரு முந்துறதுன்னு பாத்துருவோம்" என்று ஒரே துள்ளல். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "என் தம்பி ஓடுவான். எனக்கு முழங்கால் வலி. காப்பியும் மாடும்தான் தெரியும்" என்றார் கிப்ரோனோ. தமிழில் சொன்னதும் சேகர் என்னைத்தான் முறைத்தார்.

"என்ன சார், ஆள மாத்தி அனுப்பிட்டாங்களா?"

கரிப் பால்

விடுதியில் சமையல் ராஜம்மாக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்தவர். ஒருநாள் கிப்ரோனோ ஊரிலிருந்து கொண்டுவந்த சுரைக்குடுவையின் உள்ளே எரிந்த குச்சியால் நன்றாகத் தேய்த்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி மூடிவைத்தார். அக்கா பதறிவிட்டார். "இது எங்கள் ஊர் முர்சிக். விருந்தாளிக்கும் ஜெயித்தவருக்கும் கொடுப்போம்" என்ற விளக்கத்தை நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. சில நாள் கழித்து, சாம்பல் நிறத்தில் புளித்திருந்ததை அக்கா அரை டம்ளர் குடித்தார். பிறகு டம்ளரை மறுபடி நீட்டினார்.

"தயிருதான் தொரை, அடுப்படியில கெடந்து பொக குடிச்ச தயிரு!"

நான்கு மூக்குகள்

பையன் பிறந்துவிட்டான்! அவர்கள் வழக்கப்படி, உறவுப் பெண்கள் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து இறந்த முன்னோர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பார்கள். எந்தப் பெயருக்குக் குழந்தை தும்முகிறதோ, அவரே அதனோடு வந்துவிட்டார் என்று பொருள். கிப்ரோனோவுக்கு ஒரே ஆசை: அப்பா கிப்சாங் வர வேண்டும். அடக்கத்துக்குப் போகாத மகனுக்கு வேறென்ன இருக்கிறது?

அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஸ்பீக்கர் போன் இருந்த நாயுடுபுரம் பாய் கடைக்குப் போனோம். கென்யாவில் குழந்தையின் தலைமாட்டில் கைபேசி. கிப்ரோனோவின் அத்தை பெயர்களை அழைக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஏழு... தும்மலே இல்லை! "கிப்சாங்!" அதற்கும் இல்லை. கிப்ரோனோ ஸ்பீக்கர்மேல் குனிந்து காதை ஒட்டவைத்தார்.

"மூக்குப்பொடி வச்சா சோலி வெரசா முடியுமே" என்றார் பாய். நான் மொழிபெயர்த்ததும் கிப்ரோனோ நிமிர்ந்தார்: "எங்கள் ஊரிலும் சிலர் வைப்பார்கள்!" பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. டப்பாவைத் தட்டித் திறந்தார். பொடி கடை முழுக்கப் பறந்தது.

"யாரும் தும்மாதீர்கள்! குழந்தை என்று நினைத்துவிடுவார்கள்!" என்று கிசுகிசுத்தார் கிப்ரோனோ. நான்கு பேரும் மூக்கைப் பிடித்தோம். அக்காவின் முகம் சிவந்தது. பாய் முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வழிந்தது. போனில் அத்தை மறுபடி அழைத்தார்: "கிப்சாங்!"

ஒரு நொடி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, பூனைக்குட்டி தும்மியதுபோல ஒரு சின்ன "ஹச்!"

பெண்கள் குலவையிட்டார்கள். கிப்ரோனோ கத்தினார், அழுதார், மூக்கை விட்டார். நாங்களும் விட்டோம். நான்கு தும்மலில் கடையே அதிர்ந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், அக்கா "நூறு, நூறு" என்றார். போனில் அத்தை ஏதோ கேட்க, கிப்ரோனோ சிரித்தபடியே எனக்குச் சொன்னார்:

"அங்கே எத்தனை பேருக்குப் பெயர் வைக்கிறீர்கள்?"

வாயே திறக்காமல், மூக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நான் ஒழுங்காகப் பார்த்த மொழிபெயர்ப்பு வேலை அது ஒன்றுதான்.