டிரைவர் இல்லாத காருக்கு ஒரு கம்ப்யூட்டர்

கல்லூரிப் பணிமனையில் அவளுக்கு ‘பார்த்துச்சொல்றேன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். அவள் அம்மா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேருமா என்று பார்க்காமல் ஒரு அட்டையைக்கூடக் கைமாற விடமாட்டார். அந்த வீட்டுப் பெண் வேறெப்படி இருப்பாள்?

மாணவர்கள் சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஓட்ட ஆள் கிடையாது. பாதையோரத்துக் கூம்புகளைக் கேமராக்கள் பார்க்கும், அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒரு லேசர் கருவி அளக்கும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும். ஒயரிங் முழுக்க அவள் பொறுப்பு. நிரல் எழுதும் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவனை எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் கேப்டன் முகமெல்லாம் பல்லாக வந்தான். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை ஒரு நிறுவனம் இலவசமாகத் தருகிறதாம்.

“இதைவிட வேகமா ஒண்ணு நமக்குக் கிடைக்காது. நாளைக்கே மாட்டிடலாம்” என்றான்.

அவள் வழக்கம்போல் “பார்த்துச் சொல்றேன்” என்று நகர்ந்துவிட்டாள். அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி வெட்டி காருக்குள் வைத்துப் பார்த்தாள். மூடி மூடவில்லை. அதுவாவது போகட்டும், அந்தக் கம்ப்யூட்டர் குடிக்கும் மின்சாரத்தைக் காரின் சின்ன பேட்டரியால் தாங்க முடியாது. ஸ்டியரிங் மோட்டார் வேகமாகத் திரும்பும்போதெல்லாம் மின்னழுத்தம் ஒரு நொடி சரியும். அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி எழுந்திருக்கும். அதற்குள் கார் எங்கே போய் முட்டுமோ.

கூட்டத்தில் இதைச் சொன்னாள். கேப்டனுக்குச் சுருக்கென்றது. “அப்போ எதுதான் சேரும்? நீயே சொல்லு.”

அவள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டின் படத்தைக் காட்டினாள். கொஞ்சம் மின்சாரம் போதும், எடையும் இல்லை. அவள் பேச்சை நம்பி அதையே வாங்கினார்கள்.

போர்டு வந்தது. லேசர் கருவியை இணைத்தாள், வேலை செய்தது. கேமராவை இணைத்தாள், திரை கறுப்பாகவே இருந்தது. ஒயரை மாற்றினாள், அப்போதும் கறுப்பு. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கேமராவைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற சின்ன நிரல், அந்தப் போர்டின் புதிய இயங்குதளத்துக்கு இன்னும் எழுதப்படவே இல்லை. பழைய இயங்குதளத்துக்குப் போனால் கேமரா வேலை செய்யும், லேசர் கருவி படுத்துவிடும். கேமரா சேரும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்ததை அவள் அப்படியே நம்பியிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தவள் அந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. “என்னடி, முகம் செத்துக் கிடக்கு?” என்று அம்மா கேட்டார்.

“தப்பா வாங்கிட்டேன்மா. எல்லாரும் என் பேச்சை நம்பினாங்க.”

“யாருக்காச்சும் தெரியுமா?”

“இன்னும் இல்ல.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “எங்க கவுன்ட்டர்ல மருந்து மாறிப்போச்சுன்னா, மொத போனே மருந்து வாங்கினவங்க வீட்டுக்குத்தான். வெக்கப்படறதெல்லாம் அதுக்கப்புறம்.”

மறுநாள் காலை பணிமனையில் எல்லாரும் இருக்கும்போதே அவள் சொன்னாள். “நான் தேர்ந்தெடுத்தது நமக்குச் சேராது. நான் சரியாப் பாக்கல.”

கேப்டன் குத்திக்காட்டுவான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவனோ போர்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“டிரைவரே வேணாம்னுதான் இந்தக் காரைக் கட்டுறோம். இப்போ டிரைவர் இல்லன்னு நிக்குதா?”

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு சிரிப்பு அறை முழுக்கப் பரவியது.

சிரிப்பு அடங்கியதும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “என் பக்கமும் ஒண்ணு இருக்கு. நாலு கேமராவுக்குக் கணக்குப் போட்டுத்தான் அவ்ளோ பெரிய கம்ப்யூட்டர் கேட்டேன். ரெண்டு போதும். விட்டுக்குடுக்க மனசு வரல, அவ்வளவுதான்.”

இரண்டு கேமரா என்றதும் கணக்கே மாறியது, நடுத்தரமான கம்ப்யூட்டரே போதும். இருவரும் உட்கார்ந்து காரில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் எந்தச் சொருகி, எவ்வளவு மின்சாரம், எந்த இயங்குதளம் என்று எழுதினார்கள். அந்தத் தாளைப் பார்த்த கேப்டனின் அண்ணி, பிஸ்கட் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் இன்ஜினியர், “இதுக்கெல்லாம் சேர்ற மாதிரி கம்ப்யூட்டர் பெட்டி எங்க மெஷின் ஒவ்வொண்ணுலயும் இருக்கே” என்றார். மாற்றாக வைத்திருந்த ஒன்றை அங்கே கேட்டு வாங்கியும் தந்தார். விசிறி இல்லாத இரும்புப் பெட்டி. மின்னழுத்தம் பாதியாகச் சரிந்தாலும் அசராது. இந்த முறை அவள் கேமராவையும் லேசர் கருவியையும் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போனாள். பொட்டலம் கட்டும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அங்கேயே சொருகி, படம் வருவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் பெட்டியைக் கொண்டுவந்தாள்.

பந்தய நாளில் அவள் கையில் அவசர நிறுத்தப் பொத்தான். பத்துச் சுற்று. முதல் வளைவில் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பியபோது அவள் விரல் பொத்தான்மேல் போனது. கார் நிற்கவில்லை. வேகமும் இல்லை, மூன்று கூம்புகளைத் தட்டிவிட்டுப் பத்தாவது சுற்றையும் முடித்தது. ஆறாவது இடம். தொடங்கிய கார்களில் பாதி நடுவிலேயே நின்றுபோயிருந்தன.

கேப்டன் ஓடிவந்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அவள் பொத்தானைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கார் ஆறுவதற்காகக் காத்திருந்தாள். பிறகு மூடியைத் திறந்து பெட்டிமேல் கை வைத்தாள். நல்ல சூடு, ஆனால் கை வைக்க முடிந்தது.