பேசும்போது நான் வரைந்த அத்தை

மாவு மில்லின் மோட்டாரை நிறுத்திய பிறகும் என் அத்தை கத்தித்தான் பேசுவார். பெல்ட் ஓடும் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவருடைய குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்னாலேயே வீடு. புருவத்திலும் காதோர முடியிலும் எப்போதும் மாவு படிந்திருக்கும். மிளகாய் அரைக்கும் நாட்களில் தெருவே தும்மும். அத்தை மட்டும் தும்ம மாட்டார். தும்மினால் பேச்சு நின்றுவிடுமே! அப்பாவின் அக்காவான அவர் வீட்டில் தங்கித்தான், தொண்ணூறுகளில், கோவையில் ஓவியக் கல்லூரிக்குப் போய்வந்தேன்.

தாராபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் பெண் பிள்ளை பி.காம். படிக்கலாம், டீச்சர் ட்ரெயினிங் போகலாம். படம் வரையப் படிக்கிறேன் என்றால், "அதான் நல்லாப் போடறயே, அப்புறம் எதுக்குப் படிக்கோணும்?" என்று கேட்டார்கள். அப்பா அரை மனதோடு அனுப்பினார். "ஒரு வருசம் பெயிலானாலும் பொட்டியக் கட்டிட்டு ஊட்டுக்கு வந்துரோணும் அம்மணி" என்பது அவருடைய நிபந்தனை. நான் பயப்படவில்லை. எனக்குக் கை வரும் என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் முழுக்கப் பானை, பாட்டில், மடித்துப் போட்ட துணி. பென்சிலைத் தவிர வேறு எதையும் தொடவிடவில்லை. இரண்டாம் வருடம் வாட்டர் கலர். உக்கடம் குளக்கரையிலும் ரயில்வே ஸ்டேஷனிலும், எட்டிப் பார்க்கிற கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து வரைந்தோம். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். எனக்கு இன்னும் நன்றாக வரும். மூன்றாம் வருடம் எண்ணெய் வண்ணம். ஓர் ஆளை நேரில் உட்காரவைத்துப் பெரிய அளவில் முகம் வரைய வேண்டும். அதில் தேறினால்தான் கடைசி வருடத்துக்குப் போக முடியும்.

ஆள்தான் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய படமாகச் சுவரில் மாட்டுவது இறந்தவர்களைத்தான். பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிடுவார்கள். அப்படியிருக்க, உயிரோடு இருப்பவர் யார் வந்து உட்காருவார்? அத்தையின் கணவர், என் மாமா, "நான் இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறனே கண்ணு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அத்தைக்கோ உட்கார நேரமில்லை. சரி என்று, கடைவீதி ஓவியர்கள் செய்வதுபோல, ஏதோ கல்யாணத்தில் எடுத்த அத்தையின் போட்டோ மேல் கட்டம் போட்டு, கேன்வாஸில் பெரிதாக்கினேன். அச்சு அசலாக வந்தது. எங்கள் துறைத் தலைவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "ஃப்ளாஷ் அடிச்ச மூஞ்சி. மூக்குக்குக் கீழ நிழலே இல்ல. இதக் கொண்டுவந்து வெச்சா பெயில்தாம்மா. ஆளைப் பார்த்துப் போடு."

அன்று நான் அழவெல்லாம் இல்லை. கோபத்தில் சோறு வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். அத்தை விஷயத்தைக் கறந்துவிட்டார். "உங்கொப்பன் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பதிலா, நான் செத்தவளாட்டம் உக்காந்துட்டுப் போறேன், என்ன இப்ப! ஆனா மில்லை நிறுத்த மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

மில்லிலேயே, மாவு பறக்கிற வெளிச்சத்தில், கேன்வாஸைத் தாங்கும் ஸ்டாண்டை நிறுத்தினேன். டின்னோடு வந்த பெண்கள் படத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றார்கள். "ஏனுங்கக்கா, நல்லாத்தானே இருக்கறீங்க? எதுக்குங்க படம்?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். "நல்லா இருக்கறப்பவே போட்டாத்தானே நல்லா இருக்கும்!" என்றார் அத்தை. மோட்டார் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு கேட்டது.

கண் வந்தது, மூக்கு வந்தது, புருவத்து மாவும் வந்தது. வாயில்தான் வம்பு. "அத்தை, கொஞ்ச நேரம் வாயை மூடுங்க" என்று கெஞ்சுவேன். மூடுவார். மூடியதும் கன்னம் தொங்கிவிடும், கண் மங்கிவிடும். அத்தை போய் வேறு யாரோ அங்கே உட்கார்ந்திருப்பார். வரைந்து வரைந்து துடைத்தேன். பெயின்ட் துடைக்கிற டர்பன்டைன் வாசனை கம்பு மாவில் ஏறுகிறது என்று அதற்கு வேறு திட்டு. ஒருநாள் யாரையோ பார்த்து, "கோதுமையக் காய வெக்காமக் கொண்டாந்தா மெசினு என்ன பண்ணும்?" என்று அவர் சத்தம் போட்டபோது, மூடச் சொல்வதையே விட்டுவிட்டேன். திறந்த வாயை, மேல்வரிசைப் பல்லோடு, அப்படியே போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது பயமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

தேர்வு நாளில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முகம் சுளித்தார். "போர்ட்ரெய்ட்ல யாராவது பல்லைக் காட்டுவாங்களா? வாய் சரியா வரலைன்னு திறந்து விட்டுட்டியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூடின வாயும் போட்டுப் பார்த்தேனுங்க சார். வாய் வந்துச்சு, அத்தை வரலைங்க."

"இவங்க என்ன சொல்லிட்டிருக்காங்க?"

"கோதுமை காயலைன்னு திட்டறாங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு, "ஆமா, திட்டறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் தேறினேன். மில்லுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவுக்குச் செய்தி சொன்னது அத்தைதான்: "தம்பி, நான் பாஸாயிட்டேன்!" பூத் கண்ணாடிக்கு வெளியே தெரு முழுக்க அது கேட்டது.

பட்டம் வாங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் முகங்கள்தான் வரைகிறேன். உட்காருகிறவர்களைப் பேசச் சொல்கிறேன். அசையாமல் இருக்கட்டுமா என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அத்தை போன வருடம் தவறிப்போனார். படம் ஒன்று வைக்க வேண்டுமே என்று சொந்தக்காரர்கள் கூடத்துச் சுவரிலிருந்த, நான் வரைந்த அந்த ஓவியத்தை இறக்கி, பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தார்கள். மாமாவின் கையில் ரோஜா மாலையைக் கொடுத்தார்கள். அவர் மாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு படத்தின் எதிரே போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பேசிட்டிருக்கறா கண்ணு," என்றார் என்னிடம். "முடிக்கட்டும்."