லிஃப்ட்டில் இரண்டாவது ஆள்

“மாமா, எனக்கு மூச்சு வாங்குறப்ப கத்த முடியாதே. நான் உள்ள இருக்கேன்னு லிஃப்ட்டுக்கு எப்படித் தெரியும்?”

எதிர்வீட்டு ஆஃப்ரின் ஒருநாள் என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே வீசிங் தொந்தரவு. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்டில் புதுக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் நடுவில் நின்றால், கரண்ட் இல்லாவிட்டாலும், உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று அதுவே கண்டுபிடிக்கும். லிஃப்ட் கதவைத் திறக்கும் அவசரச் சாவி என்னிடம் இருந்ததால், என் கைபேசிக்கே செய்தி அனுப்பும்.

“எடை பார்க்கும், அசைவு பார்க்கும். நீ கத்தவே வேண்டாம்மா,” என்றேன்.

அடுத்து நடந்ததை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தப்போவதில்லை. ஆனால் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

போன ஆனிப் பௌர்ணமி. மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பது எங்கள் காரைக்கால் வழக்கம். சப்பரம் உயரமானது. கம்பியில் படக் கூடாதென்று, அது தெருவுக்குள் நுழையும்போது கரண்டை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்கள் கட்டடத்தில் யாரும் லிஃப்ட்டில் ஏறுவதில்லை. ஜெனரேட்டர் வேறு பழுது.

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கரண்ட் போயிற்று.

கைபேசி அதிர்ந்தது.

லிஃப்ட் நின்றது. உள்ளே ஆள்: 1.

வாசலில் என் பக்கத்தில் ஆஃப்ரினின் வாப்பா சஃபியுல்லா நின்றிருந்தார். ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்.

“ஆளா? நம்ம மாம்பழக் கூடைண்ணே அது. இப்பத்தான் ஏத்தி, மாடிக்குப் பட்டனை அமுக்கிவிட்டேன். போன வருஷமும் கூடையைத்தானே ஆளுன்னுச்சு?”

உண்மைதான். அதற்கு முந்தைய திருவிழாவில் ஒரு கூடை பங்கனப்பள்ளியைக் காப்பாற்ற அரை மணி நேரம் போராடினோம். தெருவே சிரித்தது.

கைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன். மறுபடி அதிர்ந்தது.

உள்ளே ஆள்: 2.

“கூடை குட்டி போட்டுருச்சு!” என்று சஃபியுல்லா சிரித்தார்.

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மூடிய லிஃப்ட்டுக்குள் எடை எப்படிக் கூடும்?

படியேறினேன். அவரும் பின்னால் வந்தார். முதல் மாடியைத் தாண்டும்போது, லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

ஃபப்... ஃபப்... ஃபப்...

துணியை உதறுவதுபோல. நிதானமாக.

“யாரு உள்ள?”

சத்தம் நின்றது. பிறகு மீண்டும்... ஃபப்... ஃபப்...

மேலிருந்து ஆஃப்ரினின் உம்மா ஆஸியா பீவி இறங்கி வந்தார். இடுப்பில் கூடை. காலிக் கூடை.

“பழத்தையெல்லாம் மாடியில கொட்டி வச்சாச்சுண்ணே. கூடை வந்ததுமே வாப்பாகிட்டப் போறேன்னு கிளம்பினாளே, ஆஃப்ரின் உங்ககூடத்தானே நிக்கிறா? இன்ஹேலரை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டா, அதான் எடுத்துட்டு வந்தேன்.”

“உன்கூட மாடியில இல்லையா?” என்றார் சஃபியுல்லா.

மூவரும் அந்தக் கூடையையே பார்த்தோம். அப்படியானால் லிஃப்ட்டுக்குள் இருப்பது கூடை இல்லை.

“யா அல்லாஹ்...” என்றார் ஆஸியா பீவி.

இரண்டாம் மாடிக்கு ஓடினேன். சாவி துளைக்குள் போக மறுத்தது. மறுபடி அழுத்திச் செருகினேன். கதவு திறந்தது. லிஃப்ட் பாதி கீழே நின்றிருந்தது. டார்ச் அடித்தேன்.

ஆஃப்ரின் இருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு நீலம்.

சாய்ந்திருந்தாள்.

சுவரில் அல்ல.

நடு லிஃப்ட்டில்... எதன் மேலும் இல்லாமல்... யாரோ மடியில் சாய்த்துக்கொண்டதுபோல.

நெற்றி முடி அசைந்தது. உள்ளே காற்றே இல்லை.

ஃபப்...

முடி எழுந்தது.

ஃபப்...

மறுபடி எழுந்தது.

சஃபியுல்லா குதித்து இறங்கி அவளைத் தூக்கிக் கொடுத்தார். ஆஸியா பீவி இன்ஹேலரை வாயில் வைத்தார். ஒருமுறை. இன்னொருமுறை. குழந்தைக்கு மூச்சு வந்தது. இறைவன் பெரியவன்.

சஃபியுல்லாவைக் கைகொடுத்து மேலே ஏற்றினேன்.

கைபேசி அதிர்ந்தது.

உள்ளே ஆள்: 1.

நான் குனிந்து பார்க்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

மாலையில் ஆஃப்ரின் எழுந்து உட்கார்ந்து பால் குடித்தாள். “அந்த அக்கா சேலைத் தலைப்பால விசிறுனாங்க மாமா. மடியில போட்டுக்கிட்டாங்க. கையெல்லாம் சிமெண்ட்டு. சொரசொரன்னு இருந்துச்சு.”

மறுநாளே திருவேட்டக்குடிக்குப் போனேன். எங்கள் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி வைத்தியலிங்கத்தின் வீடு அங்கேதான். முதலில் மழுப்பினார். குழந்தையைப் பற்றிச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு சித்தாளுங்க. அப்ப லிஃப்ட் வரல, வெறும் குழிதான். மாங்கனி அன்னிக்கு எல்லாரும் சாமி பார்க்கப் போயிட்டோம். கூடையை எடுக்கத் திரும்பிப் போனவ விழுந்துட்டா. ஊருக்குப் போயிட்டாளாக்கும்னு நினைச்சோம். மறுநாள்தான் பார்த்தோம். ராத்திரி வரைக்கும் உசிரு இருந்திருக்குன்னாங்க. கத்தியிருப்பா... மேளச் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்?”

“அவங்க பேரு?”

தலையைக் குனிந்துகொண்டார்.

“சித்தாள்னுதாங்க கூப்பிடுவோம். தேடிக்கிட்டும் யாரும் வரல.”

ஆடி அமாவாசை வந்தது. காரைக்கால் கடற்கரையில் என் தாய் தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். எல்லோரும் கிளம்பிய பிறகு, கிளிஞ்சல்மேட்டுப் பக்கமாகத் தனியே நடந்தேன். படகும் இல்லை, ஆளும் இல்லை. இடுப்பளவு நீரில் நின்று, மிச்சம் வைத்திருந்த எள்ளைக் கையில் எடுத்தேன். பெயர் சொல்லி விட வேண்டும். எனக்குப் பெயர் தெரியாது.

“எங்க ஆஃப்ரினுக்கு விசிறிவிட்ட மகராசிக்கு,” என்றேன்.

மூன்று முறை சொல்லி இறைத்தேன். திரும்பிப் பார்க்காமல் கரையேறினேன்.